இடுப்புக் கயிறும் அந்தமான் டிக்கெட்டும்

குளத்தூர் பக்கம் எந்தக் கிணற்றில் மோட்டார் மக்கர் செய்தாலும் முதலில் தேடப்படுகிறவர் அருள்மணி. எண்பதடி ஆழம், படியெல்லாம் பாசி, பொந்தில் பாம்பு இருக்கிறது என்று எதைச் சொன்னாலும் அசரமாட்டார். "மோட்டாரு எத்தன எச்.பி.?" என்று மட்டும் கேட்பார். நாற்பது வயதுக்குள் அவர் இறங்கி ஏறிய கிணறுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் பூமியின் மறுபக்கம் வந்துவிடும் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த அருள்மணிதான் செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமைச் சாயங்காலம் ஒன்றில், சொந்த வீட்டில், நாலு காலும் ஒழுங்காக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, செல்போனில் ஒரு படத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். படத்தில் இருந்ததெல்லாம் வெள்ளை மணல், சாய்ந்து நின்ற ஒரு தென்னை, அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை நீலத் தண்ணீர்.

"தண்ணி எப்புடி பளிங்காட்டம் இருக்கு பாத்தீங்களா மச்சான்?" என்றான் போனில் அரவிந்த்குமார். அருள்மணியின் மனைவி திலகவதிக்குத் தம்பி, மஸ்கட்டில் வேலை. "அந்தமான். புள்ளைகளுக்கு அரையாண்டு லீவுல போறோம். எனக்கும் அப்பத்தான் லீவு. டிசம்பர் இருபத்தஞ்சு பிளைட்டு. இருபத்தாறு காலைல எட்டு மணிக்கெல்லாம் பீச்சுல நிக்கிறோம்!"

"இருபத்தாறா?" என்றார் அருள்மணி.

"ஆமா மச்சான். திங்கக்கிழமைக்குள்ள நாலு பேரு ஆதாரையும் அனுப்பிருங்க. அதுக்கு மேல போனா டிக்கெட்டு கெடைக்காது."

திலகவதிக்கு முகமெல்லாம் பல். மகள் பிரகதீஸ்வரி எட்டாம் வகுப்பு. உடனே ஒரு நோட்டை எடுத்து, மேலே 'அந்தமான்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். மூன்றாவது படிக்கும் சூர்யபிரகாஷ், மாமா போன தடவை வாங்கி வந்த நீச்சல் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டான். அதன்பிறகு சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. அருள்மணி மட்டும் எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் கொஞ்ச நேரம் நின்றார். 

அவருக்கு நீச்சல் தெரியாது என்று நினைத்துவிடக்கூடாது. ஆறு வயதில் கிணற்றில் தூக்கிப் போட்டுக் கற்றுக்கொடுத்த நீச்சல். இன்றைக்கும் தலைகீழாகக் குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருவார். ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் நாலு கை வீசினால் சுவர் வந்துவிடும். பிடித்துக்கொள்ளலாம். கடலுக்கு அந்த நாகரிகம் கிடையாது. இது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம். சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்றும் இருந்தது. அதை அவர் இருபது வருஷமாகத் தமக்கே சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பேரத்தை ஆரம்பித்தார்.

"அந்தமான் ரொம்ப தூரம். கன்னியாகுமரி போவமா?"

பிரகதீஸ்வரி யோசித்துவிட்டு, "சரிப்பா" என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அங்க ஒரே பாறையா கெடக்கும். ராமேஸ்வரம்னா சாமியும் கும்புட்ட மாதிரி இருக்கும்."

"சரி, ராமேஸ்வரம்."

"அங்க கூட்டம். புள்ளைக தொலஞ்சு போகும். கொடைக்கானல்ல கூட தண்ணி இருக்கு. ஏரி."

திலகவதி தோசைக்கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏங்க, இப்புடியே போனா ஞாயித்துக்கெழமைக்குள்ள நம்ம ஊருக் கம்மாய்க்கு வந்து சேந்துருவீங்க. அங்கயும் போயி வழுக்கும்பீங்க. அண்டாவுல தண்ணி ரொப்பி வைக்கிறேன், நாலு பேரும் சுத்தி உக்காந்து கால நனைச்சுக்குவோம்."

"நான் புள்ளைக நல்லதுக்குச் சொல்றேன் திலகா."

"எம்புள்ளைக கெட்டதுக்கு ஏந்தம்பி கூப்புடுறானாக்கும்?"

ஆதாரம் தேடி அருள்மணி செல்போனுக்குள் இறங்கினார். அந்தமானில் முதலை உண்டா என்று கேட்டார், உண்டு என்றது. சுறா? உண்டு. தொட்டால் எரியும் சொறிமீன்? அதுவும் உண்டு. இப்படி நாலு கேள்வி கேட்டதில் செல்போனுக்கு அவர் ஆசை பிடிபட்டுவிட்டது. அதற்குப்பின், கேட்காமலேயே, புயலில் கவிழ்ந்த படகு, சுழலில் சிக்கியவர், கரையொதுங்கிய திமிங்கலம் என்று பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்துக் காட்டத் தொடங்கியது. மோட்டார் பார்ட்ஸ் விலை பார்க்கப் போனாலும் நடுவில் ஓர் அலை எழும்பி வந்தது.

அன்று சாயங்காலம் கடைசி அம்பை எடுத்தார். "நீங்க மூணு பேரும் மாமாவோட போயிட்டு வாங்க. எனக்கு டிசம்பர்ல வேல கெடக்கு."

"மழை பேஞ்சு கெணறெல்லாம் தளும்பி நிக்கிற மாசத்துல ஒங்கள எவன் கூப்புடுறான்?" என்றாள் திலகவதி.

பிரகதீஸ்வரி நோட்டை மூடினாள். "அப்பா வரலைன்னா நான் போகல. நான் போகலைன்னா தம்பியும் போகல."

"நான் போவேன்" என்றான் கண்ணாடிக்குள்ளிருந்து சூர்யபிரகாஷ்.

"நீ போகமாட்ட."

அவன் அழ ஆரம்பித்தான். கண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கண்ணாடிக்குள்ளேயே தேங்கியது. அதைப் பார்த்த அருள்மணிக்கு, தம் பயம் இப்போது தம்முடையது மட்டுமல்ல என்று புரிந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

மறுநாள் சனிக்கிழமை சோலையப்பன் என்ற விவசாயியின் கொல்லையில் வேலை. அறுபதடிக் கிணறு, அடியில் கிடந்த மோட்டார் சேறடைத்து நின்றுபோயிருந்தது. அருள்மணியின் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் ஒரு விளக்கை ஏற்றி வாளியில் வைத்துக் கிணற்றின் அடி வரைக்கும் இறக்குவார். அணையாமல் நின்றால் உள்ளே காற்று நல்ல காற்று. அணைந்தால் யார் வந்து கெஞ்சினாலும் இறங்கமாட்டார். அப்புறம் இடுப்பில் நைலான் கயிறு. மறுமுனை மேலே, பங்காளியும் கூட்டாளியுமான அய்யப்பன் கையில். கயிற்றை ஒருதரம் இழுத்தால் நிறுத்து. இரண்டுதரம் இழுத்தால் தூக்கு. இதெல்லாம் எல்லாக் கிணற்று வேலைக்காரர்களும் செய்வதுதான். அருள்மணிக்கு மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு: அவர் உள்ளே இருக்கும் வரை மேலே நிற்கிறவர் வாய் ஓயாமல் பேசவேண்டும். என்ன பேசினாலும் சரி. பேச்சு நின்றால் அருள்மணிக்குக் கை ஓடாது.

அய்யப்பனுக்கு இது கடவுள் கொடுத்த உத்தியோகம். தம் வாயுத்தொல்லை, மச்சினன் கட்டும் வீடு, டவுன் பஸ் நேரம் மாறியது என்று எட்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார். குழந்தைகளுக்கு அவர் சித்தப்பா.

மத்தியானம் பிரகதீஸ்வரி சைக்கிளில் சாப்பாடு கொண்டுவந்தாள். அருள்மணி அடியில் முழங்கால் சேற்றில் நின்று போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேலே பேச்சு கேட்டது. மேலே விளிம்பில் பேசியதைக் கிணறு அப்படியே அடிக்குக் கொண்டுவரும், போன் தோற்றது.

"ஏஞ்சித்தப்பா, அப்பாவுக்குக் கடல்னா பயமா?"

"பயமான்னா கேக்குற?"

அருள்மணியின் கையில் ஸ்பேனர் நின்றது. "யேய் பங்காளி! வேற பேசுறா!" என்று கத்தினார்.

"என்னங்கிறான்? சுவத்துல பட்டு வெளங்க மாட்டேங்குது. நீ கேளுத்தா. ரெண்டாயிரத்து நாலு, டிசம்பர் இருபத்தாறு. நானும் ஒங்கப்பனும் ஒரு மேஸ்திரிக்கிட்ட வெடி வச்சுக் கெணறு தோண்டுற வேலைக்குப் போனோம். இளவட்டப் பயலுக. அன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஒங்கப்பன் உள்ள, நாங்க மூணு பேரு மேல. கயிறு ஏங்கையில..."

"நிறுத்துறா!"

நிறுத்தத்தான் முடியாதே. நிறுத்தினால் அருள்மணி பதறுவார் என்று அய்யப்பனுக்குத் தெரியும். சட்டம் போட்டவரே அதில் மாட்டிக்கொண்டார். போல்ட்டை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார்.

"ரோட்டுல ஒருத்தன் சைக்கிள்ல கத்திக்கிட்டே போறான், கடலு ஊருக்குள்ள வந்துருச்சு, டீக்கடை டி.வி.யில காட்டுறான்னு. நாகப்பட்டினத்துல எங்க அக்கா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தோணலத்தா. கயித்த அப்புடியே விட்டுட்டு ஓடுனேன். நான் ஓடவும் மத்த ரெண்டு பேரும் ஓடுனாங்க. முக்கா மணி நேரம். அக்கா பொழச்சுக்கிச்சு, அது பின்னாடி தெரிஞ்சுது. டி.வி.யப் பாத்துக்கிட்டே நிக்கையிலதான் ஒறைக்குது, உள்ள ஒருத்தன் கெடக்கானேன்னு."

மேலே காகம் கரைந்தது. அருள்மணிக்கு அந்த முக்கால் மணி நேரம் மறுபடி இடுப்பில் இறுகியது. அன்றைக்கு அவர் கயிற்றை இரண்டுதரம் இழுத்தார். கயிறு விறைக்கவில்லை. மறுபடி இழுத்தார். அது கனமே இல்லாமல் முழுக்க இறங்கி வந்து தோளில் விழுந்தது. மேலே நீல வட்டம் காலியாக இருந்தது. கூப்பிட்ட குரல் திரும்பித் தம்மிடமே வந்தது. எல்லோரும் செத்துவிட்டார்கள், தாம் ஒருவர்தான் மிச்சம் என்று அந்தப் பத்தொன்பது வயதில் அவர் முடிவுகட்டியிருந்தார். பின்னர் தூக்கியெடுத்தவர்கள் சொன்ன முதல் வார்த்தை 'கடல்'. டீக்கடை டி.வி.யில் அது வந்துகொண்டே இருந்தது. எத்தனையோ குடும்பங்களை நேரில் வந்து கொண்டுபோன தண்ணீர், ஒரு சொட்டும் படாத அருள்மணியையெல்லாம் கணக்கில் எடுத்திருக்காது. அதனாலேயே அவரும் அதை ஒரு துன்பமாக வெளியே சொல்ல வெட்கப்பட்டார்.

"அப்புறமும் ஒங்களையே ஏன் சித்தப்பா கயிறு பிடிக்க வச்சிருக்காரு?"

"நானும் கேட்டேன். ஒருவாட்டி ஓடுனவனுக்குத்தான் ரெண்டாவதுவாட்டி கால் வராதுங்கிறான். அன்னையிலேர்ந்து பேசிக்கிட்டிருக்கேன்த்தா. தொண்டை போயிருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, நீல வட்டத்தின் ஓரத்தில் இரட்டைச் சடை எட்டிப்பார்த்தது. "அப்பா, சாப்பாடு வச்சிருக்கேன். ஏறி வாங்க."

திரும்பி வரும்போது அவர் மொபெட்டில் மெதுவாக வர, அவள் சைக்கிளில் பக்கத்திலேயே வந்தாள். ரொம்ப தூரம் எதுவும் கேட்கவில்லை. அதுவே அவருக்குத் திகிலாக இருந்தது.

"அப்பா, தெரியாத கெணத்துல எறங்குறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"வெளக்கு எறக்கிப் பாப்பேன்."

"அப்ப கடலுக்கும் எறக்கிப் பாத்துருவோம். நாளைக்கு ஞாயித்துக்கெழம. மணமேல்குடி கடல் நம்ம மாவட்டந்தானப்பா."

"வெளக்கு அணைஞ்சு போச்சுன்னா?"

"நானே மாமாவுக்கு போன் போட்டு, எனக்கு டியூஷன் இருக்கு, வரலைன்னு சொல்லிருவேன். ஒங்களப் பத்தி யாருக்கும் சொல்லமாட்டேன்."

மகள் தமக்காகப் பொய் சொல்லத் தயாராக இருக்கிறாள் என்பது, முதலையையும் சுறாவையும் விட அருள்மணியைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். திலகவதி புளியோதரை கட்டினாள். அருள்மணி நூறடிக் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மறுபடி மாறும்போது கண்டக்டர் கயிற்றைப் பார்த்தார்.

"மாடு ஏதும் ஏத்துறீங்களாண்ணே?"

"இவருக்குத்தாங்க" என்றாள் திலகவதி.

அறந்தாங்கி தாண்டியதும் காற்றில் உப்பு ஏறியது. அருள்மணி ஜன்னலைச் சாத்தினார். மூடிய ஜன்னலுக்குள் வியர்வை வழிந்தது. பக்கத்தில் சூர்யபிரகாஷ் கண்ணாடியும் தானுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

மணமேல்குடியிலிருந்து ஆட்டோ பிடித்துக் கரைக்குப் போனார்கள். அவர் கற்பனையில் எழும்பியிருந்த அலை ஒன்றும் அங்கே இல்லை. மழைக்குப்பின் வயலில் தேங்கிய தண்ணீர் மாதிரி, சாம்பல் நிறத்தில், சத்தமில்லாமல் கிடந்தது கடல். அலையடித்துக் கொந்தளிக்கும் கடலுக்கு அவர் தயாராக வந்திருந்தார். இவ்வளவு சாதுவாக ஒன்று இருந்தால் அதற்குள் என்ன இருக்குமோ என்று இரண்டடி பின்னால் வைத்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஈரமணலும் பாசியுமாக ஒரு பர்லாங்குக்கு வெறுந்தரை. இரண்டு படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. கடல் உள்ளே போயிருந்தது. கடல் உள்வாங்கினால் அடுத்தது என்ன என்பது டீக்கடை டி.வி. அவருக்குப் பாடமாகவே நடத்தியிருந்தது.

"உள்வாங்கிருச்சு! ஓடு! திலகா, ஓடு!"

இரண்டு குழந்தைகளையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓடினார். பிரகதீஸ்வரியின் கால்கள் தரையில் இழுபட்டன. கயிறு அவிழ்ந்து பின்னால் பாம்பாக நெளிந்து வந்தது. பனைமரத்தடியை எட்டி, மரத்தில் ஏற வழி தேடினார்.

அங்கே நிழலில் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த மீனம்மாள் என்ற மீனவப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "என்னண்ணே, யாரு வெரட்டுறா?"

"கடலு... உள்ள போயிருச்சு..."

"ஆமா, போகும். தெனம் போகும், தெனம் வரும். மத்தியானத்துக்கு மேல அந்தப் படகு மெதக்கும் பாருங்க." அவள் கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டாள். "எந்த ஊரு?"

"குளத்தூர்ப் பக்கம்" என்றாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த திலகவதி.

"அதானே. அந்த வருசம் நாங்களும் ஓடுனவுகதான். மூணு மாசம் கரைப்பக்கமே வரல. அப்புறம் வந்துதானே ஆகணும்" என்றாள் மீனம்மாள். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகம் அருள்மணியைக் கொஞ்சம் நிதானப்படுத்தியது. குழந்தைகளைக் கீழே விட்டார். 

அவர் கயிற்றை எடுத்துப் பிள்ளைகளின் இடுப்பில் கட்டப்போனார். பிரகதீஸ்வரி விலகி நின்றாள். "கெணத்துல யாருப்பா மொதல்ல எறங்குறது?"

"நாந்தான்."

"அப்ப நீங்க கட்டிக்கங்க. மேல நான் நிக்கிறேன்."

இருபது வருஷமாகத் தம் கை தானாகப் போட்டுவந்த முடிச்சு அன்றைக்கு மூன்றுதரம் நழுவியது. நாலாவதில் விழுந்தது. ஈரமணலைக் கடந்ததும் மறுமுனையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தார். கணுக்கால். வெதுவெதுப்பாக இருந்தது; அதுகூடப் பிடிக்கவில்லை.

"பேசு" என்றார், திரும்பாமல்.

"என்னப்பா பேச?"

"என்னமாச்சும் பேசு!"

"எங்க சயின்ஸ் மிஸ்ஸு இருக்காங்கள்ல, அவங்க ஒரே ஒரு கொடை வச்சிருக்காங்க. மழைக்குந்தான், வெயிலுக்குந்தான், பயலுகள அடிக்கவுந்தான்..."

முழங்கால். இன்னும் நடந்தார். முழங்கால்தான். கீழே மணல் கெட்டியாக இருந்தது. அடுத்த அடியில் பள்ளம், அடுத்த அடியில் பள்ளம் என்று பாதம் எதிர்பார்த்துக்கொண்டே போனது. பள்ளம் வரவே இல்லை. இரண்டு பக்கமும் சுவர் இல்லை. முன்னால் எதுவுமே இல்லை. வானம் எந்த இடத்தில் தண்ணீரானது என்றும் தெரியவில்லை. பின்னால், மிஸ்ஸின் குடை ஒருநாள் காற்றில் பறந்து தலைமையாசிரியர் அறைக்குள் போன கதை மெலிந்து மெலிந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கயிறு இடுப்பில் விறைத்தது. நூறடி முடிந்தது.

அப்போது பேச்சு நின்றது.

விறைத்த கயிறு தொய்ந்தது.

அருள்மணிக்குக் காது அடைத்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. கயிற்றை இரண்டுதரம் இழுத்தார். கனமில்லை. மறுபடி இரண்டுதரம். அது இலேசாக, அன்று போலவே, அவர் பக்கம் வந்தது. முழங்கால் தண்ணீரில், பட்டப்பகலில், நாற்பது வயது மனிதர் ஒருவர் மறுபடி கிணற்றின் அடியில் நின்றார்.

சளப், சளப் என்று சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். ஒரு சின்னக் கை அவர் சட்டையைப் பிடித்தது.

"கயிறு பத்தலப்பா" என்றாள் பிரகதீஸ்வரி. கயிற்றின் முனையை மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். "அதான் நாங்களே வந்துட்டோம்." அவளுக்குப் பின்னால் சூர்யபிரகாஷ் குனிந்து கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டு, "நண்டு போகுது! நண்டு போகுது!" என்று கத்தினான்.

"பேச்ச ஏன் நிறுத்துன?" அவர் குரல் கிறீச்சிட்டது. "மேல நிக்கிறவ எறங்கலாமா? மேல யாரு இருக்கா இப்ப?"

"அம்மா இருக்காங்கள்ல. கேளுங்க."

அவர் காதைத் தீட்டினார். கரையிலிருந்து காற்றில் வந்தது: "அரைக்கிலோவுக்கு இதாம்மா நண்டு? ஓட்ட எடுத்துட்டா ஒண்ணுமிருக்காதே! எங்க ஊருச் சந்தையில..." மீனம்மாள் ஏதோ சொல்ல, அதற்கு மேல் திலகவதியின் குரல் எழும்பியது. அது இப்போதைக்கு நிற்கும் என்று தோன்றவில்லை.

அருள்மணி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். அது அப்படியே இருந்தது. ஆனால் அவர் திரும்பி ஓடவும் இல்லை. திலகவதி பேசி முடித்து நண்டு வாங்கும் வரை, மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.

"வெளக்கு அணைஞ்சுதாப்பா?"

 "ஆடுச்சு" என்றார். "அணையல."

திங்கட்கிழமை காலை நாலு ஆதாரும் மஸ்கட்டுக்குப் போய்விட்டன. பிரகதீஸ்வரிதான் அனுப்பினாள்; அனுப்பும் பொத்தானை மட்டும் அப்பாவின் விரலைப் பிடித்து அழுத்தவைத்தாள்.

சோலையப்பன் கிணற்றில் மிச்ச வேலை இருந்தது. கயிற்றைக் கட்டிக்கொண்டே அருள்மணி விஷயத்தைச் சொன்னார். அய்யப்பன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இருபது வருஷத்தில் இது முதல்தடவை.

"இருபத்தாறு காலைலயா பங்காளி?"

"எட்டு மணிக்கு."

"நான் இங்கேர்ந்து போன் போட்டுர்றேன். நீ கடல்ல நிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கேன். என்ன சொல்ற?"

அருள்மணி தலையாட்டினார். முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.

"ஆமா," என்றார் அய்யப்பன் கயிற்றைப் பிடித்தபடி, "அந்தமான்ல டவர் கெடைக்குமா?"

முதலை, சுறா, சுழல், சொறிமீன் என்று எல்லாவற்றையும் நினைத்துப் பயந்திருந்த அருள்மணி இந்த ஒன்றை யோசித்திருக்கவில்லை. ஒரு கால் படியிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக அண்ணாந்து பார்த்தார். பிறகு, பயப்படுவதற்கு இன்னும் மூன்று மாசம் இருக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கத் தொடங்கினார். மேலே அய்யப்பன், எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கம்பெனி டவர் கிடைக்கும் என்பதைக் குளத்தூரிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.